உள்ளூர் ஓட்டலும் வெளிமாநிலச் சரக்கும்

"என் கடை, என் முதல், நான் கொடுக்கிற வாடகை, யாருக்கு விற்பது, யாரை உள்ளே விடுவது என்பது என் இஷ்டம்" என்ற பேச்சை நம் கடைவீதிகளில் கேட்காத நாளில்லை. பெரும்பாலும் கோபத்தில் வரும் பேச்சு இது. நம்மிடம் பாக்கி வைத்துவிட்டு எதிர்க்கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறவரைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் இந்தப் பேச்சு சட்டத்தின் முன் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு விஷயம். அதை வியாபாரிகளுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்ல, அமெரிக்காவில் 1964-இல் நடந்த ஒரு ஓட்டல் வழக்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது. அந்த வழக்கின் முடிவு தொங்கிக்கொண்டிருந்தது ஓட்டலின் கொள்முதல் பேரேட்டில்தான். சரக்கு எங்கே வாங்கப்பட்டது, வாங்கியவரிடம் கொடுத்தவருக்கு அது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துத்தான் வழக்கு முடிந்தது. மொத்த வியாபாரத்தில் இருக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான சட்ட விஷயம் கிடைப்பது அரிது.

அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்ஹாம், அந்நாளில் இரும்பு, எஃகு ஆலைகளுக்குப் பேர்போன நகரம். அங்கே 1927-இல் தொடங்கப்பட்டது 'ஆலீஸ் பார்பெக்யூ' என்ற ஓட்டல். மக்ளங் என்ற குடும்பத்தாருக்குச் சொந்தமானது. தணலில் வாட்டிய இறைச்சியும், வீட்டுப் பக்குவத்தில் செய்த பழ அடைகளும் அதன் தனிச்சிறப்பு. ஒரே நேரத்தில் 220 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றால் சிறிய கடை என்று சொல்ல முடியாது. என்றாலும் கிளைகள் இல்லாத, குடும்பம் நடத்துகிற, அக்கம்பக்கத்தாரை நம்பிய உள்ளூர்க் கடைதான். பெரிய நெடுஞ்சாலையிலிருந்து பதினோரு தெரு தள்ளி இருந்தது. ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் அதைவிடச் சற்றுத் தூரம். வெளியூர்ப் பயணிகள் வந்து போகும் கடை என்று யாரும் வாதிடவில்லை.

அந்தக் கடையில் கறுப்பின மக்கள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. தொடங்கிய நாள் முதல் அதுதான் வழக்கம். பார்சல் வாங்கிக்கொண்டு போகலாம். இன்னொரு விவரத்தையும் நாம் கவனிக்க வேண்டும். கடையில் வேலை பார்த்தவர்கள் 36 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பின மக்களே. அவர்கள் கையால் ஆன வேலையில் ஓட்டல் நடந்தது, அவர்கள் இனத்தாருடைய பணம் கல்லாவில் விழுந்தது, நாற்காலி மட்டும் கிடையாது. பணத்துக்கு நிறம் பார்க்காதவர்கள் நாற்காலிக்குப் பார்த்தார்கள்.

இதைக் கடைக்காரரின் தனிப்பட்ட கெட்ட குணம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் விஷயம் முழுமையாகாது. பர்மிங்ஹாம் நகரச் சட்டமே அப்படித்தான் இருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் சாப்பிடும்படி ஓட்டல் நடத்துவது அங்கே குற்றம். நடத்தித்தான் தீருவேன் என்றால், தரையிலிருந்து ஏழு அடி உயரத்துக்குக் குறையாத தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். தெருவிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வாசல் வைக்க வேண்டும். ஏழு அடிச் சுவரும் இரண்டாவது வாசலும் என்றால் எவ்வளவு இடம் போகும், எவ்வளவு செலவு ஆகும் என்று கடை கட்டியவர்களுக்குத் தெரியும். எனவே கடைக்காரர்கள் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டார்கள். 1963 ஜூலையில்தான் நகராட்சி இந்தச் சட்டங்களை நீக்கியது. அடுத்த ஆண்டே மத்திய அரசு நேர்மாறான சட்டம் கொண்டு வந்தது. சேர்த்து உட்கார வைத்தால் குற்றம் என்றிருந்த ஊரில், பிரித்து வைத்தால் சட்ட மீறல் என்று ஒரே ஆண்டு இடைவெளியில் மாறியது.

அந்த மாற்றம் வந்ததில் வியாபாரிகளின் பங்கும் உண்டு என்பதைச் சங்கப் பத்திரிகையில் எழுதாமல் விட முடியாது. 1962-லேயே நகரின் பெரிய கடைக்காரர்கள் சிலர், போராட்டத் தலைவர்களோடு பேசி, கடைகளில் தொங்கிய இனப்பாகுபாட்டு அறிவிப்புப் பலகைகளில் சிலவற்றைக் கழற்றினார்கள். பிறகு நெருக்கடிக்குப் பயந்து திரும்பவும் மாட்டினார்கள். 1963-இல் ஈஸ்டர் பண்டிகை நேரத்தில், அதாவது துணிக்கடைகளுக்கு நல்ல வியாபாரம் நடக்க வேண்டிய சமயத்தில், கறுப்பின மக்கள் நகரக் கடைகளைப் புறக்கணித்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கு வந்து சிறை சென்றதும், ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மீது போலீசார் நாயை ஏவியதும், தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியதும் உலகம் அறிந்தவை. 1963 மே 10-ஆம் தேதி ஓர் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. கடைகளுக்குள் இருந்த சிற்றுண்டி மேடைகள், உடை போட்டுப் பார்க்கும் அறைகள், குடிநீர்க் குழாய்கள் எல்லாருக்கும் பொதுவாக வேண்டும், கறுப்பினத்தாரை விற்பனையாளராக வைக்க வேண்டும் என்பவை அதில் இருந்தன. முரட்டு அதிகாரிகள் ஒரு பக்கம் முறைத்துக்கொண்டிருக்க, உட்கார்ந்து பேசி முடிவுக்கு வந்தவர்களில் கடைவீதிக்காரர்கள் முக்கியமானவர்கள். அந்தப் பெருமையை முழுக்க அவர்களுக்கே கொடுத்துவிட வேண்டாம். வியாபாரம் படுத்துவிட்டது என்பதும் ஒரு காரணந்தான்.

1964 ஜூலை 2-ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் குடியுரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் இரண்டாவது பகுதி ஓட்டல்கள், தங்கும் விடுதிகள், பெட்ரோல் பங்குகள், திரையரங்குகள் முதலியவற்றில் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றின் பேரில் யாரையும் மறுக்கக் கூடாது என்றது. இங்கேதான் சிக்கல். ஒரு தனியார் ஓட்டல் யாரை உட்கார வைக்க வேண்டும் என்று உத்தரவிட மத்திய அரசுக்கு என்ன அதிகாரம்? இதேபோல் 1875-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1883-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. அரசியல் சட்டத்தின் சமத்துவப் பிரிவு மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனி ஆட்களின் கடைகளை அல்ல என்பது அப்போதைய தீர்ப்பு. எண்பது ஆண்டுகள் அந்தக் கதவு அடைத்தே கிடந்தது.

ஆகவே 1964-இல் சட்டம் எழுதியவர்கள் பக்கத்து வாசல் வழியாக வந்தார்கள். மாநிலங்களுக்கிடையே நடக்கும் வாணிபத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரசுக்கு உண்டு. நம் அரசியல் சட்டத்திலும் மத்திய அரசுப் பட்டியலில் 42-வது இனமாக மாநிலங்களுக்கிடையிலான வாணிபம் இருப்பதை நம்மில் பலர் அறிவோம். இந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு, ஓர் ஓட்டல் வெளிமாநிலப் பயணிகளுக்குச் சாப்பாடு போட்டாலோ, அல்லது அது பரிமாறும் உணவில் கணிசமான பகுதி வெளிமாநிலத்திலிருந்து வந்த சரக்காக இருந்தாலோ, அந்த ஓட்டல் சட்டத்துக்குள் வரும் என்று எழுதினார்கள். ஓட்டலில் எத்தனை இருக்கை, எத்தனை ஆள் என்ற கணக்கே இல்லை. தங்கும் விடுதிகளுக்கு மட்டும் ஒரு சலுகை: உரிமையாளரே குடியிருந்து, ஐந்து அறைக்கு மேல் வாடகைக்கு விடாத வீடானால் விலக்கு.

மக்ளங் குடும்பத்தார் மீது யாரும் வழக்குப் போடவில்லை. அவர்களே முந்திக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். அரசின் தலைமை வழக்கறிஞர் பொறுப்பில் இருந்த நிக்கோலஸ் காட்சன்பாக் இந்தச் சட்டத்தைத் தங்கள் கடை மீது பிரயோகிக்காதபடி தடை வேண்டும் என்று கேட்டார்கள். கறுப்பினத்தாரை உட்கார வைத்தால் வாடிக்கை பெருமளவு போய்விடும் என்பது அவர்கள் கட்சி. மூன்று நீதிபதிகள் கொண்ட கீழ் நீதிமன்றம் அதை ஏற்றுத் தடையாணையும் கொடுத்தது. "வெளிமாநிலத்திலிருந்து இறைச்சி வந்தது உண்மைதான், வந்த இறைச்சி உள்ளூரில் சமைத்து உள்ளூர் ஆளுக்குப் பரிமாறப்படுகிறது, யாரை உட்கார வைத்தார்கள் என்பதற்கும் மாநில வாணிபத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். உண்மையைச் சொன்னால், வியாபாரியின் கண்ணுக்கு முதல் பார்வையில் இது நியாயமாகத்தான் படும்.

இப்போது பேரேட்டைப் பார்ப்போம். சட்டம் வருவதற்கு முந்திய 12 மாதங்களில் அந்த ஓட்டல் ஏறக்குறைய 1,50,000 டாலருக்கு உணவுப் பொருள் வாங்கியிருந்தது. எல்லாமே உள்ளூர்க் கொள்முதல். அதில் 69,683 டாலர், அதாவது 46 சதவீதம், இறைச்சி. இறைச்சியைக் கொடுத்தவரும் உள்ளூர் வியாபாரிதான். ஆனால் அவர் அதை வெளிமாநிலத்திலிருந்து வரவழைத்திருந்தார். அந்த இறைச்சி வியாபாரி மீது ஒரு குற்றமும் இல்லை, வழக்கில் அவர் கட்சிக்காரரும் இல்லை. இருந்தாலும் அவர் வரவழைத்த சரக்கைக் கொண்டுதான் ஓட்டல்காரர் சட்டத்துக்குள் வந்தார்.

நம் வழக்கத்தை வைத்துப் பார்த்தால் இதன் வித்தியாசம் புரியும். குல்பர்காவிலிருந்து துவரம் பருப்பும் குண்டூரிலிருந்து மிளகாயும் மண்டிக்கு இறங்குகின்றன. மண்டியிலிருந்து மளிகைக் கடைக்கு நாம் போடும் பட்டியல் உள்ளூர்ப் பட்டியல். 2017 ஜூலைக்கு முன், மத்திய விற்பனை வரியும் சி பாரமும் இருந்த காலத்திலும் சரி, இப்போது ஜி.எஸ்.டி.யிலும் சரி, எல்லை தாண்டிய விற்பனை ஒன்று, அதற்குப் பிறகு மாநிலத்துக்குள் நடக்கிற விற்பனை இன்னொன்று என்று வரிச் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. லாரியிலிருந்து மூட்டை இறங்கி நம் கிடங்கில் அடுக்கியாகிவிட்டால், அதற்குமேல் அது உள்ளூர்ச் சரக்கு என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. அமெரிக்கச் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. இடையில் யார் கைமாறினாலும், எத்தனை நாள் கிடங்கில் கிடந்தாலும், சரக்கு எல்லை தாண்டி வந்ததா என்பதே கேள்வி. அந்த அளவுகோலை வைத்தால் நம்மூரில் எந்த ஓட்டல் தப்பும்? பருப்பு இல்லாத சாம்பார் உண்டா?

கீழ் நீதிமன்றம் கேட்ட கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1964 டிசம்பர் 14-ஆம் தேதி பதில் சொன்னது. நீதிபதி டாம் கிளார்க் எழுதிய தீர்ப்பு. ஒருவர்கூட மாறுபடவில்லை. அவர்கள் சொன்ன காரணங்கள் வணிகக் காரணங்கள் என்பதுதான் நமக்குச் சுவையானது. உட்கார இடம் மறுக்கப்படும் மக்கள் வெளியில் சாப்பிடச் செலவழிப்பது குறைகிறது. சாப்பாடு குறைந்தால் ஓட்டலுக்குப் போகும் சரக்கு குறைகிறது. அந்தச் சரக்கு வெளிமாநிலத்திலிருந்து வருவதானால் மாநிலங்களுக்கிடையிலான வாணிபம் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. வழியில் சாப்பிட இடம் கிடைக்காது என்ற பயத்தில் கறுப்பின மக்கள் பயணத்தையே குறைத்துக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களுக்குப் புதுத் தொழில்கள் வரத் தயங்குகின்றன. தேர்ந்த வேலையாட்கள் குடிவர மறுக்கிறார்கள். இவையெல்லாம் காங்கிரஸ் முன் சாட்சியமாக வந்தவை.

"ஒரே ஓர் ஓட்டல் வாங்கும் இறைச்சியால் நாட்டு வாணிபம் என்ன ஆகிவிடும்?" என்ற கேள்வி எழத்தானே செய்யும்? அதற்கு நீதிமன்றம் எடுத்துக்காட்டிய பழைய வழக்கு கோதுமை வழக்கு. தானிய வியாபாரிகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய வழக்கு அது. ஒஹையோ மாநிலத்தில் ரோஸ்கோ ஃபில்பர்ன் என்ற விவசாயிக்கு 1941 விளைச்சலுக்கு 11.1 ஏக்கர் கோதுமை போட அரசு அனுமதி அளித்திருந்தது. அவர் 23 ஏக்கர் போட்டார். கூடுதலாக விளைந்த 239 புஷெலுக்கு 117 டாலர் 11 சென்ட் தண்டம் விதித்தார்கள். "கூடுதல் கோதுமை என் வீட்டுக்கும் மாட்டுக்கும்தானே, சந்தைக்கு அல்லவே" என்று அவர் வாதாடினார். 1942-இல் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு விளைவித்துக்கொண்டதால் அவர் சந்தையில் வாங்காமல் போன கோதுமை எவ்வளவோ, அதைப்போல நாடு முழுக்க ஒவ்வொரு விவசாயியும் செய்தால் விலை என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் என்றது. ஒருவருடைய ஒரு மூட்டையைத் தனியாக எடைபோடக் கூடாது, அதேபோன்ற எல்லா மூட்டைகளையும் சேர்த்துத் தராசில் வைக்க வேண்டும் என்பது இதன் பொருள். ஆலீஸ் ஓட்டலுக்கும் அதே தராசுதான். சிறு விவசாயியின் வீட்டுக் கோதுமை வரைக்கும் சர்க்கார் கை நீள்வது நமக்கு உவப்பாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். தானியக் கட்டுப்பாட்டு உத்தரவுகளையும் இருப்பு அளவுக் கட்டுப்பாடுகளையும் நாமும் பார்த்தவர்கள்தானே. ஆனால் ஓட்டல் வழக்கில் அந்தத் தராசு சரியான எடையைக் காட்டியது.

தீர்ப்பு வந்ததும் மக்ளங் குடும்பத்தார் அதற்குக் கட்டுப்பட்டு எல்லாரையும் உட்கார வைத்தார்கள். கடை பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது, இப்போது இல்லை.

எல்லாரும் அவர்களைப்போல நடந்துகொள்ளவில்லை. ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் 'பிக்ரிக்' என்ற ஓட்டல் நடத்திய லெஸ்டர் மேடாக்ஸ், சட்டம் கையெழுத்தான மறுநாளே, சாப்பிட வந்த கறுப்பினத்தாரைத் துப்பாக்கியும் கோடரிக் காம்புகளுமாக நின்று விரட்டினார். நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் கேட்கவில்லை. கடைப் பெயரை மாற்றித் திறந்து பார்த்தார். கடைசியில் நீதிமன்ற அவமதிப்பு என்று ஆகி, 1965 பிப்ரவரியில் கடையை மூடிவிட்டார். அவர் 1967-இல் அந்த மாநிலத்துக்கே கவர்னர் ஆனார் என்பது அரசியலின் விசித்திரம். ஆனால் ஓட்டல் போனது போனதுதான்.

ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் லிட்டில் ராக் நகருக்கு அருகே 'லேக் நிக்சன் கிளப்' என்ற ஏரிக்கரைப் பொழுதுபோக்கு இடம் இருந்தது. சட்டத்தில் தனியார் மன்றங்களுக்கு விலக்கு உண்டு என்று தெரிந்துகொண்டு, வாசலில் 25 சென்ட் வாங்கிக்கொண்டு வெள்ளையருக்கு மட்டும் 'உறுப்பினர்' அட்டை கொடுத்தார்கள். ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வந்துபோகும் தனியார் மன்றம்! 1969-இல் உச்ச நீதிமன்றம் அந்த அட்டையை அட்டையாக மதிக்கவில்லை. இறைச்சி வைத்த ரொட்டி இரண்டு வகை, பால், குளிர்பானம் என நான்கே பண்டம் விற்ற அதன் சிற்றுண்டிக் கடையை ஆராய்ந்தது. ரொட்டிக்கான மாவு முதலிய மூலப்பொருள் வெளிமாநிலத்தது, குளிர்பானத்தில் சேருவதும் அப்படியே இருக்க வேண்டும். ஆக நான்கில் மூன்று வெளிச்சரக்கு என்று முடிவு கட்டியது. ஒரே ஒரு நீதிபதி, ஆலீஸ் வழக்கில் அரசுக்குச் சாதகமாக இருந்த ஹ்யூகோ பிளாக், இது அளவு மீறிய இழுப்பு என்று மாறுபட்டார்.

இந்தச் சட்டப் பகுதியில் சிறைத் தண்டனை கிடையாது, மறுக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடும் கிடையாது. 'இனிமேல் இப்படிச் செய்யாதே' என்ற ஆணை மட்டுமே. அப்படியானால் யார் மெனக்கெட்டு வழக்குப் போடுவார்கள்? அந்தக் கேள்விக்கு விடை, தென் கரோலினாவின் 'பிக்கி பார்க்' ஓட்டல்கள் மீது தொடரப்பட்ட வழக்கில் 1968-இல் வந்தது. வென்றவருடைய வக்கீல் கட்டணத்தைத் தோற்ற கடைக்காரர் கொடுப்பதுதான் சாதாரண வழக்கமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் கட்டணம் எப்படி இருக்கும் என்பதை வாடகை வழக்கு நடத்திய நம் அன்பர்கள் அறிவார்கள். பிக்கி பார்க் கதை அதோடு நிற்கவில்லை. அதன் உரிமையாளர் மாரிஸ் பெஸிங்கர், கடுகுச் சாறு கலந்த தம் 'சாஸ்' புட்டியைப் பல மாநில மளிகைக் கடைகளில் விற்றுப் பெரிய வியாபாரம் செய்துவந்தார். 2000-ஆம் ஆண்டு, அடிமை முறைக்காகப் போரிட்ட பழைய கூட்டமைப்பின் கொடியைத் தம் ஓட்டல்கள் மேல் ஏற்றினார். வால்மார்ட் முதலிய பெரிய அங்காடிகள் அவர் சரக்கைத் தட்டுகளிலிருந்து எடுத்துவிட்டன. இதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. மளிகைத் தட்டில் இடம் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

வாடிக்கை போய்விடும் என்ற பயம் என்ன ஆனது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்தப் பயம் பொய்ப் பயம் அல்ல. ஒரு தெருவில் நான்கு ஓட்டல் இருந்து, ஒருவர் மட்டும் எல்லாரையும் உட்கார வைத்தால், அதைப் பிடிக்காதவர்கள் மற்ற மூன்றுக்குப் போவார்கள். முதலில் மாறுகிறவருக்குத்தான் நஷ்டம். அதனால் மனம் இருந்தும் ஒருவரும் மாறவில்லை. சட்டம் நான்கு பேரையும் ஒரே நாளில் மாறச் சொன்னதும் ஓடிப்போக இடமில்லாமல் ஆயிற்று. விலைப் போட்டியில் ஒருவர் மட்டும் எடை ஒழுங்காகப் போட்டால் அவர் நஷ்டப்படுவார், எல்லாருக்கும் முத்திரைத் தராசு கட்டாயம் என்றால் ஒருவருக்கும் நஷ்டமில்லை என்பதைப் போன்றதுதான். கேவின் ரைட் என்ற பொருளாதார வரலாற்று அறிஞர் 2013-இல் வெளியிட்ட நூலில், தென் மாநிலக் கடைக்காரர்களின் வியாபாரம் இந்த மாற்றத்துக்குப் பிறகு விழவில்லை, வளர்ந்தது என்று கணக்குகளோடு காட்டியிருக்கிறார். முன்பு உள்ளே வராதவர்களும் வாங்க வந்தார்கள் என்பதை வைத்தே இது விளங்கும்.

இனி நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். மளிகை வியாபாரிகள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். மேற்சொன்ன அமெரிக்கச் சட்டப் பகுதியில் ஓட்டல் உண்டு, பெட்ரோல் பங்கு உண்டு, சாதாரண மளிகைக் கடை கிடையாது. கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடும் சிற்றுண்டி மேடை இருந்தால்தான் அந்தக் கடை இந்தப் பகுதிக்குள் வரும். மற்றபடி அங்கே வேறு சட்டங்களைத் தேடிப் போக வேண்டும். நம் அரசியல் சட்டத்துக்கு இந்தச் சுற்று வழி எதுவும் தேவைப்படவில்லை. 15-வது விதியின் இரண்டாவது பகுதி, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாத இடங்களைச் சொல்லும்போது, முதல் சொல்லாகக் கடைகளைத்தான் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் பொது உணவகங்களும் விடுதிகளும். சரக்கு குண்டூரிலிருந்து வந்ததா, கோவில்பட்டியில் விளைந்ததா என்று யாரும் பேரேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. 1950 ஜனவரி 26 முதல் இதுதான் நிலை.

தண்டனை 1955-ஆம் ஆண்டின் சட்டத்தில் இருக்கிறது. தீண்டாமைக் குற்றச் சட்டம் என்று வந்து, 1976-இல் கடுமையாக்கப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. ஓட்டலில் உள்ளே வர மறுப்பதும், எல்லாருக்குமாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் புழங்க விடாததும் இதில் குற்றம். இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகள் இதில்தான் மாட்டின. மளிகைக் கடைக்கு உரியது அதன் 6-வது பிரிவு. சரக்கை விற்க மறுப்பது மட்டுமல்ல. மற்றவர்களுக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் விற்க மறுப்பதும் குற்றம். 'அவருக்கும்தான் அரிசி போட்டேனே' என்று சொல்லித் தப்ப முடியாது. கல்லாவுக்கு முன் மற்றவர் நிற்கும்போது ஒருவரை மட்டும் வாசற்படிக்குக் கீழே நிற்க வைத்துக் கொடுத்தால், இடம் மாறிவிட்டது. எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் கொடுத்தால், நேரம் மாறிவிட்டது. பர்மிங்ஹாமில் பார்சல் கொடுத்து அனுப்பியதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. குறைந்தது ஒரு மாதம், அதிகம் ஆறு மாதம் சிறை. அதோடு அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் இனத்தவரானால், தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அப்படியல்ல என்று காட்ட வேண்டிய பொறுப்பு கடைக்காரர் தலையில். 6-வது பிரிவில் தண்டனை பெற்றவரின் வியாபார உரிமத்தை ரத்து செய்யவோ நிறுத்தி வைக்கவோ 8-வது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. இவற்றுக்கு மேலே 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. அதன் தண்டனை இதைவிடக் கடுமை.

பெரிய ஓட்டல்களைப் பார்த்து 'அனுமதி எங்கள் உரிமைக்கு உட்பட்டது' என்று பலகை எழுதி மாட்டும் பழக்கம் சிறு கடைகளுக்கும் வந்திருக்கிறது. அந்தப் பலகைக்குத் தனியாக ஒரு சக்தியும் இல்லை என்பதை அறிந்துகொள்வது நல்லது. குடித்துவிட்டு வந்து ரகளை செய்பவரை வெளியே போகச் சொல்லலாம். கடை சாத்தும் நேரம் ஆகிவிட்டது என்று சொல்லலாம். பழைய பாக்கி தீராமல் புதிதாகக் கடன் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம். கடன் கொடுப்பது யாருடைய உரிமையும் அல்ல. ஆனால் அந்தப் பாக்கி விதி எல்லாப் பாக்கிக்காரருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒருவருக்கு மூன்று மாதத் தவணையும், இன்னொருவருக்கு அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பார்த்து மறுப்பும் என்றிருந்தால், அதைக் காட்டிக்கொடுக்க வெளிச்சாட்சி வேண்டாம். நம் கடன் நோட்டே போதும்.